பற்றின்மை: பௌத்தம் சொல்வதும் வீட்டில் எழும் சந்தேகங்களும்

பௌத்தம் படிக்கத் தொடங்குகிறவர்களும் தியானம் கற்க வருகிறவர்களும் பெரும்பாலும் ஒரே இடத்தில் தடுமாறுகிறார்கள்: பற்றை விட வேண்டும் என்றால் வீட்டு மனிதர்களை என்ன செய்வது? இந்தச் சந்தேகம் பல உருவில் வருகிறது. கேட்டவர்கள் பேச்சிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறோம். பதில்கள் பாலி மொழியிலுள்ள புத்தர் உரைகளான சூத்திரங்களை, அதாவது பௌத்தப் பிரிவுகளில் ஒன்றான தேரவாத மரபை, ஒட்டியவை. போகப் போகக் கேள்விகள் கடினமாகும். முன்பே சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் எண்ணைக் குறிப்பிடுகிறோம்.

1. பற்று கூடாதுன்னா யார் மேலயும் பாசமே வைக்கக் கூடாதா?

வைக்கலாம், வைக்கவும் வேண்டும். புத்தர் வளர்க்கச் சொன்ன மனநிலைகள் நான்கு: எல்லாரும் நலமாக இருக்க விரும்பும் மைத்திரி, கருணை, பிறர் நன்றாக இருப்பதைக் கண்டு மகிழும் முதிதை, நிலைகுலையாத சமநிலையான உபேட்சை. முதல் மூன்றும் நேரடியாகவே அன்பின் வடிவங்கள். மைத்திரியைச் சொல்லித்தரும் சூத்திரம், ஒரே மகனை உயிரைக் கொடுத்தும் காக்கும் தாயை எடுத்துக்காட்டாக வைக்கிறது. பாசமே குற்றம் என்றால் அந்தத் தாய்க்கு அங்கே இடம் இருந்திருக்காது.

விடச் சொல்வது, பாசத்தோடு சேர்ந்து வளரும் ஒரு கோரிக்கையை. 'இவர் என்னுடையவர், நான் நினைக்கிறபடிதான் இருக்க வேண்டும், மாறக் கூடாது, போகக் கூடாது.' பாசம் அவருடைய நலனைப் பார்க்கிறது. இந்தக் கோரிக்கை என் நிம்மதியைப் பார்க்கிறது. இரண்டும் ஒரே மனத்தில் கலந்து கிடப்பதால் ஒன்றை விட்டால் மற்றதும் போய்விடும் என்று பயம் வருகிறது.

2. அப்போ பற்றுன்னு புத்தர் சரியா எதைச் சொல்றார்?

சூத்திரங்கள் நான்கு வகை சொல்கின்றன. புலனின்பங்களைப் பிடித்துக்கொள்வது, கருத்துகளைப் பிடித்துக்கொள்வது, சடங்கும் நோன்புமே கரைசேர்க்கும் என்று பிடித்துக்கொள்வது, 'நான்' என்று நிலையான ஒன்று இருப்பதாகப் பிடித்துக்கொள்வது. முதல் வகையை மட்டும் பற்று என்று நினைக்கிறவர்கள் அதிகம். ஆனால் குடும்பச் சண்டைகளில் பெரும்பங்கு இரண்டாவதால் வருகிறது. இனிப்பை விட்டவர், சினிமாவை விட்டவர்கூட 'நான் சொன்னதுதான் சரி' என்பதை விடுவதில்லை.

துன்பம் உருவாகும் வரிசையில் பற்றுக்கு ஒரு குறிப்பிட்ட இடம் உண்டு. பன்னிரண்டு சார்புகள் கொண்ட அந்த வரிசையை மணிமேகலை தமிழிலேயே தருகிறது: பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம் என்று போய் பிறப்பிலும் மூப்பிலும் சாவிலும் முடியும். அன்றாட வாழ்க்கைக்கு நடுவில் உள்ள நான்கைப் புரிந்துகொண்டால் போதும். கண்ணோ காதோ மனமோ ஒன்றைத் தொடுவது ஊறு. அது இனிப்பாகவோ கசப்பாகவோ இரண்டுமின்றியோ படுவது நுகர்வு. 'இன்னும் வேண்டும்', அல்லது 'இது வேண்டவே வேண்டாம்' என்ற இழுப்பு வேட்கை. அந்த இழுப்பு இறுகி 'இது இல்லாமல் முடியாது' என்று ஆவது பற்று.

ஊறையும் நுகர்வையும் நிறுத்த முடியாது. உடம்பு உள்ளவரை அவை வரும். நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவில்தான் நாம் செய்யக்கூடியது இருக்கிறது. பின்னால் வரும் பதில்களில் பல இங்கேதான் திரும்பி வரும்.

3. அந்த இடத்துல என்னதான் செய்யணும்? ஒரு உதாரணத்தோட சொல்லுங்க.

நெருங்கிய தோழிக்கு வாட்ஸாப்பில் செய்தி அனுப்புகிறீர்கள். நீல டிக் விழுந்துவிட்டது, பதில் இல்லை. நெஞ்சில் சுருக்கென்கிறது: இது நுகர்வு. 'உடனே பதில் வந்தாக வேண்டும்' என்று மனம் இழுக்கிறது: இது வேட்கை. பத்து நிமிடத்தில் பழைய மனத்தாங்கல்கள் எல்லாம் கிளம்பி 'நான்னா எல்லாருக்கும் இளப்பம்தான்' என்று வந்து நிற்கிறது. இது பற்று, அதுவும் நான்காவது வகை.

முதலில் போனைக் கீழே வையுங்கள். அந்தச் சுருக்கு உடம்பில் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள்: நெஞ்சா, தொண்டையா, வயிறா? அதற்கு ஒரே ஒரு சொல்லில் பெயர் கொடுங்கள், 'கசப்பு' போதும். அடுத்து, மனம் சேர்த்த வாக்கியத்தைத் தனியாகப் பிரியுங்கள்: 'மதிக்கவில்லை என்று ஓர் எண்ணம் வந்திருக்கிறது.' பிறகு பத்து மூச்சு வரை எதையும் தட்டச்சு செய்யாமல், அந்த உடலுணர்வு ஏறுகிறதா இறங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். பெரும்பாலும் அது ஒரே அளவில் நிற்காது. அதற்குப் பிறகும் கேட்க வேண்டும் என்று தோன்றினால் தாராளமாகக் கேளுங்கள். 'பிஸியா? நேரம் கிடைச்சா சொல்லு' என்று கேட்பதில் எந்தப் பற்றும் இல்லை.

இதில் இரண்டு தவறுகள் வழக்கமாக நடக்கும். பெயர் வைப்பது நீண்டு, 'சின்ன வயசிலிருந்தே எனக்கு இப்படித்தான்' என்ற ஆராய்ச்சியாகிவிடும். ஒரு சொல்லோடு நிறுத்துங்கள். மற்றொன்று, உணர்வைத் துரத்துவதற்காகவே பெயர் வைப்பது. அதுவும் வேட்கைதான், பாலியில் விபவ தண்ஹா, இல்லாமல் போகட்டும் என்கிற வேட்கை. 'செய்தும் போகலையே' என்று எரிச்சல் வந்தால் இதில் மாட்டியிருக்கிறீர்கள் என்று பொருள். அந்த எரிச்சலையே அடுத்த நுகர்வாக எடுத்துக்கொண்டு மறுபடி தொடங்குங்கள். பெரிய துக்கம் வரும் நாளில் முதன்முறையாக இதை முயல வேண்டாம். சிக்னலில் நிற்கும்போது, காபி ஆறிப்போனபோது, சின்னச் சின்ன கசப்புகளில் பழகுங்கள்.

4. இது உணர்ச்சியை அடக்கி வைக்கிறதுதானே? பேரைத்தான் மாத்திட்டீங்க.

அடக்குகிறவர் உணர்வின் பக்கம் திரும்பவே மாட்டார். மேலே சொன்ன முறையில் அதை உடம்பில் தேடிப் போகிறோம். சல்லத்த சூத்திரத்தில் புத்தர் இரண்டு அம்புகளைச் சொல்கிறார். முதல் அம்பு உடம்பில் தைக்கும் வலி. அந்த வலியை எதிர்த்துப் புலம்பி, மார்பில் அடித்துக்கொண்டு, மனம் தனக்குத்தானே எய்துகொள்வது இரண்டாவது. பயிற்சி பெற்ற சீடனுக்கும் முதல் அம்பு தைக்கும் என்று அதே சூத்திரம் சொல்கிறது. வலியே இல்லாத வாழ்க்கையை அது வாக்களிக்கவில்லை.

அதில் பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் ஒரு வரி உண்டு: வலியிலிருந்து வெளியேற வேறு வழி தெரியாதவன் புலனின்பத்தைத் தேடிப் போகிறான். மனம் நொந்த இரவில் மூன்று மணி வரை ரீல்ஸ் பார்ப்பதை இதைவிடச் சரியாக விளக்க முடியாது.

அடக்குகிறோமா என்று அறிய ஒரு சோதனை: தாடை இறுகியிருக்கிறதா, சம்பந்தமே இல்லாத ஒருவர் மேல் மாலையில் கோபம் வெடிக்கிறதா? இரண்டுக்கும் 'ஆமாம்' என்றால் அடக்கியிருக்கிறீர்கள்.

5. ஒரே நினைப்பு திரும்பத் திரும்ப வருது. பேர் வச்சுப் பார்த்தும் போகல.

வித்தக்க சண்டான சூத்திரம் இதற்கென்றே ஐந்து வழிகளை வரிசையாகத் தருகிறது. ஒன்று பலிக்காவிட்டால் அடுத்தது. முதலில், அந்த நினைப்புக்கு எதிரான நல்ல ஒன்றை எடுப்பது: கோபம் என்றால் மைத்திரி. தச்சர் சின்ன ஆப்பை அடித்துப் பெரிய ஆப்பை வெளியேற்றுவதுபோல என்கிறது சூத்திரம். அடுத்து, இந்த நினைப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்று அதன் தீமையை எண்ணிப் பார்ப்பது. மூன்றாவது, அதைக் கவனிக்காமல் வேறு வேலையில் இறங்குவது. நான்காவது, நினைப்பின் வேகத்தைப் படிப்படியாகக் குறைப்பது. ஓடுகிறவன் 'ஏன் ஓடுகிறேன்?' என்று நடந்து, பிறகு நின்று, உட்கார்ந்து, படுத்துக்கொள்வதுபோல. ஐந்தாவது, பல்லைக் கடித்து நாக்கை மேலண்ணத்தில் அழுத்தி, மனத்தால் மனத்தை நசுக்குவது.

பல்லைக் கடிப்பது கடைசியில் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். நம்மில் பலர் அதிலிருந்துதான் தொடங்குகிறோம், அதனால்தான் களைத்துப்போகிறோம்.

6. அம்மா இறந்து ஆறு மாசம் ஆச்சு, இன்னும் அழறேன். எனக்குப் பற்று அதிகமோ?

நீங்கள் அழலாம். ஆனந்தர் புத்தருக்கு அணுக்கத் தொண்டர். விழிப்பின் முதல் நிலையை அடைந்தவர். புத்தரின் தலைமைச் சீடர்களில் ஒருவரான சாரிபுத்தர் மறைந்து, அவருடைய பாத்திரமும் ஆடையும் சாவத்தி நகருக்கு வந்தபோது, உடம்பு மயங்கியதுபோல் இருக்கிறது, திசைகள் தெரியவில்லை, கற்றது எதுவும் நினைவுக்கு வரவில்லை என்று அவர் புத்தரிடம் சொன்னார். புத்தர் தாமே மறையும் தறுவாயில் குசிநாராவில் ஆனந்தர் கதவருகே சாய்ந்து அழுதார். புத்தர் அவரை அழைத்து, பிரிவு தவிர்க்க முடியாதது என்று நினைவூட்டினார். கூடவே, இத்தனை காலம் உடலாலும் சொல்லாலும் மனத்தாலும் அன்போடு செய்த தொண்டைப் புகழ்ந்தார். கண்டிக்கவில்லை.

சாரிபுத்தரும் மற்றொரு தலைமைச் சீடரான மொக்கல்லானரும் போன பிறகு, கங்கைக் கரையில் கூடிய சபையைப் பார்த்துப் புத்தர் 'இந்தச் சபை எனக்கு வெறுமையாகத் தெரிகிறது' என்றார். இல்லாதவரின் இடம் வெறுமையாகத் தெரிவது இயல்பு, புத்தருக்கே தெரிந்தது. அந்த வெறுமையோடு அவர் எந்தச் சண்டையும் போடவில்லை.

ஆனந்தரிடம் புத்தர் கேட்ட கேள்வி துக்கத்தில் இருப்பவர்களுக்கு உதவும்: 'சாரிபுத்தர் போகும்போது உன் ஒழுக்கத்தையும் ஞானத்தையும் எடுத்துக்கொண்டு போனாரா?' அம்மா உங்களுக்குள் வைத்துவிட்டுப் போனவற்றை எண்ணிப் பார்க்கலாம். அழுகையோடு தூக்கம், சாப்பாடு, வேலை எல்லாம் மாதக்கணக்கில் நின்றுபோயிருந்தால் 11-ஆம் பதிலையும் படியுங்கள்.

7. பிள்ளைங்க மேல பற்று இல்லாம எப்படி வளர்க்கிறது? விட்டேத்தியா இருக்கச் சொல்றீங்களா?

5-ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்தில் உரையாசிரியர் புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கம் என்ற நூல் இதற்கு ஒரு நல்ல கருவி தருகிறது. தம் உரைகளில் காஞ்சிபுரத்தில் தங்கியிருந்ததைக் குறிப்பிடுகிறவர் அவர். தமிழ் மண்ணுக்கு அந்நியர் இல்லை. ஒவ்வொரு நல்ல மனநிலைக்கும் தூரத்துப் பகை ஒன்று, பக்கத்துப் பகை ஒன்று என்கிறார். மைத்திரியின் தூரத்துப் பகை வெறுப்பு. அதை யாரும் கண்டுபிடித்துவிடலாம். பக்கத்துப் பகை ராகம், அதாவது உடைமையாக்கும் ஆசை. அது மைத்திரி மாதிரியே தோற்றமளிக்கும் என்பதுதான் ஆபத்து.

பத்தாம் வகுப்பு மதிப்பெண் வந்த நாளில் இதைச் சோதிக்கலாம். மகனின் மதிப்பெண் குறைந்ததும் முதலில் எழும் நினைப்பு 'இவன் அடுத்து என்ன படிக்கலாம்?' என்பதா, 'சொந்தக்காரங்க முகத்துல எப்படி முழிப்பேன்?' என்பதா? இரண்டாவதுதான் பக்கத்துப் பகை. அது எழும்போது 3-இல் சொன்னபடி பத்து மூச்சு. பிறகு பேசுங்கள். கண்டிப்பு, டியூஷன், போன் நேரக் கட்டுப்பாடு எல்லாம் தொடரலாம். பற்றின்மை எந்தப் பொறுப்பையும் தள்ளுபடி செய்யாது.

8. கணவன் மனைவிக்கு நடுவுலயும் இதெல்லாம் சரிப்படுமா?

புத்தரின் இல்லறச் சீடரான நகுலபிதா கடும் நோயில் படுத்திருந்தபோது மனைவி நகுலமாதா பேசியது அங்குத்தர நிகாயம் என்ற சூத்திரத் தொகுப்பில் இருக்கிறது. கவலையோடு சாகாதீர்கள் என்று தொடங்கி, கணவர் மனத்தில் இருக்கக்கூடிய பயங்களை ஒவ்வொன்றாக எடுக்கிறார். எனக்குப் பருத்தி நூற்கத் தெரியும், பிள்ளைகளைக் காப்பாற்றுவேன். வேறொருவரை நாட மாட்டேன். ஒழுக்கத்தையும் பயிற்சியையும் விட மாட்டேன். கணவர் பிழைத்துக்கொண்டார். இப்படிப்பட்ட மனைவி அமைந்தது பெரும் பேறு என்று புத்தர் அவரிடம் சொன்னார். 'கவலைப்படாதே' என்ற வெறும் சொல்லால் கவலை போகாது. பிழைப்பு, பிள்ளைகள், நம்பிக்கை என்று எது அரிக்கிறதோ அதற்கு உண்மையான பதில் கிடைக்கும்போது பிடி தளரும்.

இதே தம்பதி, அடுத்த பிறவியிலும் ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டும் என்று புத்தரிடம் கேட்டார்கள். அவர் அதைப் பற்று என்று தள்ளவில்லை. நம்பிக்கை, ஒழுக்கம், ஈகை, அறிவு நான்கிலும் ஒத்திருந்தால் பார்ப்பீர்கள் என்றார்.

9. 'அன்பானவங்களால்தான் சோகம்'னு புத்தரே சொல்லியிருக்காரே? நீங்க பூசி மெழுகுறீங்க.

நியாயமான கேள்வி. பியஜாதிக சூத்திரத்தில், ஒரே மகனை இழந்த தந்தையிடம் புத்தர் அப்படித்தான் சொல்கிறார். தந்தை ஒப்பவில்லை, அன்பானவர்களால் மகிழ்ச்சிதானே வரும் என்று எழுந்து போய்விடுகிறார். செய்தி பசேநதி மன்னனுக்கு எட்டுகிறது. அரசி மல்லிகை அவனிடம் கேட்கிறாள்: 'மகள் வஜிரி உங்களுக்குப் பிரியமானவளா? அவளுக்கு ஒன்று நேர்ந்தால்?' என் வாழ்க்கையே தடுமாறுமே என்கிறான் மன்னன். அதைத்தான் புத்தர் சொன்னார் என்கிறாள். மகளை நேசிக்காதே என்று அவள் சொல்லவில்லை. நேசத்துக்கு உள்ள விலையைக் காட்டினாள்.

பேத்தியை இழந்து ஈரத்தலையோடு வந்த விசாகை என்ற இல்லறச் சீடைக்குச் சொன்னது இன்னும் கடுமை: நூறு பேர் பிரியமானவர்கள் என்றால் நூறு துன்பம்; சோகமே வேண்டாதவர் எதையும் பிரியமாக்கிக்கொள்ளக் கூடாது. இதை மென்மையாக்கிச் சொல்ல வழியில்லை. பாதையின் கடைசி எல்லை அதுதான். ஆனால் அதைக் கேட்ட விசாகை இல்லறத்தில்தான் இருந்தாள். வீட்டை விட்டு வா என்று புத்தர் அவளை அழைக்கவில்லை. எல்லை எங்கே என்று சொல்வதும், இன்றே அங்கே நில் என்று கேட்பதும் வேறு வேறு.

10. பணம் சேர்க்கலாமா? வீடு வாங்கலாமா?

வாங்கலாம். பிள்ளைகளோடு நெருக்கியடித்துப் படுத்து, சந்தனம் பூசி, பொன்னும் வெள்ளியும் கையாளும் எங்களுக்கு ஏற்றதைச் சொல்லுங்கள் என்று கேட்ட தீகஜாணு என்ற இல்லறத்தாருக்குப் புத்தர் சொன்னவை: ஊக்கமாக உழை, ஈட்டியதைக் காப்பாற்று, நல்லவர்களோடு பழகு, வரவறிந்து செலவு செய். சிகாலோவாத சூத்திரம் வருமானத்தை நான்காகப் பிரிக்கச் சொல்கிறது: ஒரு பங்கு செலவுக்கு, இரண்டு பங்கு தொழிலுக்கு, நான்காவது ஆபத்துக் காலத்துக்கு. வங்கி இருப்பைப் பார்த்தே உங்கள் மதிப்பை நீங்கள் அளந்துகொள்ளும்போதுதான் பற்று தொடங்குகிறது.

11. எனக்கு எதுலயும் ஈடுபாடே இல்ல. சந்தோஷமும் இல்ல, வருத்தமும் இல்ல. இதுதான் பற்றின்மையா?

பெரும்பாலும் இல்லை. 7-இல் சொன்ன புத்தகோசரின் பட்டியலில் உபேட்சையின் பக்கத்துப் பகை அறியாமையால் வரும் அக்கறையின்மை. வெளியிலிருந்து இரண்டும் ஒன்றாகத் தெரியும். பிறர் நன்றாக இருக்கும்போது மகிழ்ச்சி எழுகிறதா, வலியில் இருப்பவரைப் பார்த்து மனம் இளகுகிறதா என்று பாருங்கள். உண்மையான உபேட்சையில் மற்ற மூன்றும் உயிரோடு இருக்கும். எல்லாம் சேர்ந்து மரத்துப்போயிருந்தால் அது வேறு.

பிடித்தவற்றில் ஆர்வம் போய், தூக்கமும் பசியும் மாறி, இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் இப்படியே இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வு நோயாக இருக்கலாம், சிகிச்சை உண்டு. இந்தியாவில் 14416 (டெலி மானஸ்), இலங்கையில் 1926 எண்களில் பேசலாம். அந்த நிலையில் 10 நாள் மௌனத் தியான முகாமுக்குப் போக வேண்டாம். விண்ணப்பத்தில் மனநலம் பற்றிக் கேட்டால் மறைக்காமல் எழுதுங்கள்.

12. வீட்டுல அடிக்கிறவரையும் பற்றில்லாம சகிச்சுக்கணுமா?

கூடாது. கோசம்பியில் பிக்குகள் ஒரு சிறு விதிக்காகச் சண்டையிட்டு, புத்தர் சொல்லியும் கேட்காதபோது, அவர் அங்கிருந்து விலகித் தனியே காட்டுக்குப் போய்விட்டார். ஊர் மக்கள் அந்தப் பிக்குகளுக்குப் பிச்சையிடுவதை நிறுத்தினார்கள். அதன் பிறகே சமாதானம் வந்தது. விலகுவதும் மறுப்பதும் வெறுப்பில்லாமல் செய்யக்கூடியவை. உங்கள் பாதுகாப்பு முதலில்: இந்தியாவில் 181, இலங்கையில் 1938 பெண்களுக்கான உதவி எண்கள். வெறுப்பைக் கரைக்கும் வேலையைப் பாதுகாப்பான இடத்துக்குப் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

13. கீதை சொல்றதும் இதுதானே?

பலனைப் பிடிக்காமல் செய் என்ற அளவில் நெருக்கம் உண்டு. ஆனால் கீதை அதை அழியாத ஆன்மாவின் மேலும் இறைவனுக்கு அர்ப்பணிப்பதன் மேலும் நிறுத்துகிறது. நிலையான ஆன்மா என்ற கொள்கையையே புத்தர் பற்றின் நான்காவது வகையாக எண்ணுகிறார். இரண்டையும் மதித்துப் படிக்கலாம். ஒன்றாக்கினால் இரண்டுமே மங்கிப்போகும்.

14. பற்றை விடணும்கிற ஆசையும் ஒரு பற்றுதானே? அப்புறம் எப்படி முடியும்?

உண்ணாபர் என்ற பிராமணர் கோசம்பியில் ஆனந்தரிடம் இதையே கேட்டார்: ஆசையால் ஆசையை விடுவது முடிவே இல்லாத வேலையாயிற்றே? ஆனந்தர் திருப்பிக் கேட்டார்: இந்தத் தோட்டத்துக்கு வர வேண்டும் என்ற விருப்பம் உங்களுக்கு இருந்ததா? இருந்தது. வந்து சேர்ந்ததும் அது என்ன ஆயிற்று? அடங்கிவிட்டது. முயற்சிக்கான விருப்பமும் அப்படித்தான், சேருமிடத்தில் அடங்கும்.

ஆற்றைக் கடந்தவன் தெப்பத்தைத் தலையில் சுமந்து போக வேண்டியதில்லை என்ற உவமையும் இதற்குத்தான். ஆனால் அந்த உவமை வரும் சூத்திரமே, போதனையைத் தனக்கு வசதியாகத் திரித்த அரிட்டர் என்ற பிக்குவைக் கண்டிப்பதில் தொடங்குகிறது. தெப்பத்தை விடுவது கரையேறிய பிறகு. 'எனக்கு எந்த விதியிலும் பற்றில்லை' என்று ஒழுக்கத்தை விடுகிறவர் நடு ஆற்றில் குதிக்கிறார்.

15. குடும்பத்துல இருந்துக்கிட்டே முழுசா பற்றை விட முடியுமா?

மனத்தைக் கட்டிவைக்கும் பத்துத் தளைகளை மரபு சொல்கிறது. விழிப்பின் முதல் நிலையில் அறுபவை மூன்று: நிலையான 'நான்' என்ற பார்வை, ஐயம், சடங்குப் பிடிப்பு. புலனாசையும் எரிச்சலும் இரண்டாம் நிலையில் மெலியும். மூன்றாம் நிலையில்தான் முற்றாக அறும். ஆனந்தர் ஏன் அழுதார் என்பது இதிலிருந்து புரியும். மச்சிகாசண்டம் என்ற ஊரில் வாழ்ந்த, சித்தன் என்ற பெயர் கொண்டவர் போன்ற இல்லறத்தார் அந்த மூன்றாம் நிலையை அடைந்ததாகச் சூத்திரங்கள் சொல்கின்றன. ஆகவே வழி இருக்கிறது, நீளமானது. தியானம் தொடங்கி மூன்று மாதத்தில் கோபம் போகவில்லை என்று சோர்ந்துபோகத் தேவையில்லை.

16. பிரிவையும் சாவையும் தினமும் நினைக்கச் சொல்றாங்க. பயம்தானே கூடும்?

ஆண், பெண், இல்லறத்தார், துறவி எல்லாரும் அடிக்கடி எண்ண வேண்டிய ஐந்து என்று புத்தர் சொன்னவை: முதுமை, நோய், சாவு எனக்கு உண்டு, பிரியமான எல்லாவற்றையும் பிரிவேன், என் செயல்களே எனக்குச் சொத்து. நான்காவதோடு நின்றுவிட்டால் பயம் கூடும். அதனால் ஐந்தாவதில் முடிக்க வேண்டும், ஏனென்றால் செய்யக்கூடிய ஏதோ ஒன்று அதில்தான் இருக்கிறது.

காலையில் ஐந்து நிமிடம் போதும். ஐந்தையும் மெதுவாகச் சொல்லுங்கள். நான்காவதில் ஒருவர் முகத்தை மட்டும் நினையுங்கள், குடும்பம் முழுவதையும் வேண்டாம். ஐந்தாவதில், அவருக்காக இன்றே செய்யக்கூடிய ஒன்றை முடிவு செய்யுங்கள்: ஒரு போன், தள்ளிப்போட்ட ஒரு மன்னிப்பு, மருத்துவரிடம் கூட்டிப்போவது. நெஞ்சு படபடத்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, அதே முகத்தை நினைத்து 'நலமாக இருக்கட்டும்' என்று சில மூச்சுகள் சொல்லுங்கள். ஒரு வாரம் தொடர்ந்தும் படபடப்பு குறையாவிட்டால் இந்தப் பயிற்சியை ஒத்திவைத்து, மைத்திரியை மட்டும் சில வாரங்கள் செய்துவிட்டுத் திரும்ப வாருங்கள்.